உப்பில் பாதியைப் பிடித்தவர்

விஞ்ஞானி என்றதும் நமக்கு ஐன்ஸ்டீன், சி.வி. ராமன், மேரி கியூரி ஞாபகம்தான் வரும். நான் இந்தத் தடவை எழுதுவது சார்லஸ் பெடர்சன் பற்றி. டாக்டர் பட்டம் வாங்காமலே வேதியியலில் நோபல் பரிசு வாங்கியவர் இவர்.

பெடர்சன் 1904 அக்டோபர் 3 அன்று கொரியாவில் பூசான் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா நார்வே நாட்டு இன்ஜினியர், தங்கச் சுரங்கத்தில் வேலை. அம்மா ஜப்பான் நாட்டுப் பெண். அங்கே இவர் படிக்க ஏற்ற பள்ளி இல்லை. அதனால் எட்டு வயசிலேயே கடல் தாண்டி ஜப்பானில் நாகசாகி பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு வயசுன்னா நம்ம மூணாங்கிளாஸ் பிள்ளைகள்! பத்து வயதில் யோகோஹாமாவில் வேறு பள்ளி.

1922-இல் அமெரிக்கா போனார். முதுகலைப் பட்டம் வாங்கியதும் மேலே படி என்று எல்லோரும் சொன்னார்கள். இன்னமும் அப்பா காசில் படிப்பதா என்று நினைத்து 1927-இல் டூபான்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அங்கேயே 42 வருடம்.

1960-களின் தொடக்கம். வயது ஐம்பத்தாறு தாண்டிவிட்டது. வேறு ஏதோ ஒரு பொருளைத் தயாரிக்கப் பார்த்தார். மூலப்பொருளில் பத்து சதவீதம் அசுத்தம் கலந்திருந்தது. கடைசியில் பிசுபிசு என்று ஒரு கலவை வந்தது. அதில் பட்டு நூல் மாதிரி வெள்ளைப் படிகம் கொஞ்சூண்டு, 0.4 சதவீதம்தான். நூறு கிராமுக்கு அரை கிராம்கூடத் தேறாது. நாமளா இருந்தா கழுவி ஊத்தியிருப்போம். அவர் எடுத்து வைத்துச் சோதித்தார். எனக்கு இவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

அந்தப் படிகம் மெத்தனாலில் சரியாகக் கரையவில்லை. காஸ்டிக் சோடா சேர்த்ததும் கரைந்தது. காரத்தினாலா என்று பார்க்க, காரம் இல்லாத சோடியம் உப்பைப் போட்டார். அப்பவும் கரைந்தது. அப்படியென்றால் வேலை செய்தது சோடியம்தான்! அந்த மூலக்கூறு 18 அணுக்கள் கொண்ட ஒரு வளையம். அதில் ஆறு ஆக்சிஜன். ஆக்சிஜனிடம் கொஞ்சம் எதிர் மின்தன்மை உண்டு. சோடியம் நேர் அயனி. அதனால் வளையத்தின் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னும் பெரிய பொட்டாசியம் அந்த ஓட்டைக்கு இதைவிடப் பொருத்தம். அயனியின் தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருந்ததால் கிரவுன் ஈதர் என்று பேர் வைத்தார். 1967-இல் கட்டுரை வெளியிட்டார்.

ஆனால் உப்பில் சோடியம் பாதிதானே? மீதிப் பாதி குளோரைடு, எதிர் அயனி. அதைப் பிடிக்க ஆக்சிஜன் வளையம் உதவாது, இரண்டுமே எதிர் என்பதால் தள்ளிவிடும். 1968-இல் அதே கம்பெனியைச் சேர்ந்த பார்க், சிம்மன்ஸ் என்ற இருவர் வழி கண்டார்கள். கூண்டு மாதிரி ஒரு மூலக்கூறு, இரண்டு முனையிலும் நைட்ரஜன். அமிலத்தில் போட்டால் ஒவ்வொரு நைட்ரஜனும் ஒரு ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொள்ளும். நைட்ரஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதால் அந்த ஹைட்ரஜன் நேர் மின்தன்மையோடு கூண்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். குளோரைடு உள்ளே வந்ததும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. கேட்க சுலபமா இருக்கு, ஆனால் கஷ்டம். தண்ணீரிலும் ஹைட்ரஜன் இருக்கே! தண்ணீர் மூலக்கூறுகள் ஏற்கெனவே குளோரைடைச் சுற்றிப் பிடித்திருக்கும். அவற்றிடமிருந்து கூண்டு பிடுங்க வேண்டும். அதனால்தான் ஒரு பிடி போதாது, பல பக்கமும் பிடி வேண்டும்.

பெடர்சன் 1969-இல் ஓய்வு பெற்றார். தோட்டம், மீன் பிடிப்பு, பறவை பார்ப்பது என்று இருந்தார். 1987-இல், 83 வயதில், டொனால்டு கிராம், ழான் மாரி லேன் ஆகியோரோடு சேர்த்து நோபல் பரிசு அறிவித்தார்கள். மனைவி சூசன் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, 1983-லேயே இறந்துவிட்டார். உடம்பு முடியாத நிலையிலும் ஸ்டாக்ஹோம் போய் வாங்கி வந்தார். 1989 அக்டோபர் 26 அன்று சேலத்தில் காலமானார். நம்ம சேலம் இல்லை, அமெரிக்காவில் நியூ ஜெர்சியிலும் ஒரு சேலம் இருக்கு.