முதல் நிமிடத்தின் வைத்தியர்: வேர்ஜினியா அப்கார்

ஒரு குழந்தை பிறந்து ஒரு நிமிடத்தில் அதன் வாழ்க்கையின் முதலாவது புள்ளி இடப்படுகிறது. நமது பிரசவ விடுதிகளிலும் குறித்து வைக்கப்படும் அந்தப் புள்ளியை அப்கார் புள்ளி என்கிறார்கள். அது ஒரு பெண்ணின் பெயர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வேர்ஜினியா அப்கார் என்ற அந்த அமெரிக்க வைத்தியர் இறந்து 50 ஆண்டுகள் கடந்துவிட்டன. பிறந்தவுடனேயே கைவிடப்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றும் மருத்துவத்துக்கு வழி திறந்தவர் அவர். அந்த வழியை அவர் அடைந்ததே வேறொரு கதவு தனக்கு மூடப்பட்ட பிறகுதான்.

1909 இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் வெஸ்ற்ஃபீல்ட் நகரில் அவர் பிறந்தார். தந்தை ஓய்வு நேரத்தில் வானொலிக் கருவிகளையும் தொலைநோக்கிகளையும் வைத்துப் பரிசோதனை செய்பவர். சகோதரர் ஒருவர் சிறுவயதிலேயே காசநோயால் இறந்துபோனார். 1929 இல் பட்டம் பெற்று, கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சில வாரங்களிலேயே அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. கடன் வாங்கிப் படித்து, 1933 இல் வகுப்பில் நான்காவதாகத் தேறினார்.

அவர் சத்திரசிகிச்சை நிபுணராக விரும்பினார். பயிற்சியிலும் திறமை காட்டினார். ஆனால் துறைத் தலைவர் அலன் விப்பிள், சத்திரசிகிச்சை படித்த பெண்கள் தொழிலில் நிலைக்க முடியாமல் போனதைக் கண்டவர். மயக்க மருந்துத் துறைக்குப் போகும்படி அவர் அறிவுரை சொன்னார். அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் தாதியர் செய்த வேலை. அப்கார் விஸ்கொன்சினிலும் நியூயோர்க்கிலும் அதைப் படித்துவிட்டு, 1938 இல் கொலம்பியாவுக்குத் திரும்பி அந்தப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். பதினொரு ஆண்டுகள் ஆட்களைச் சேர்த்து, மாணவரைப் பயிற்றி அதைக் கட்டியெழுப்பினார். 1949 இல் பிரிவு தனித் துறையாகத் தரமுயர்ந்தபோது தலைமைப் பதவி ஓர் ஆணுக்குப் போனது. அப்காருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்த மருத்துவக் கல்லூரியில் முழுப் பேராசிரியரான முதல் பெண் அவர்தான்.

நிர்வாகச் சுமை இல்லாமல் போனதும் அவர் பிரசவ அறைக்குப் போனார். பிரசவிக்கும் தாய்க்குக் கொடுக்கும் மயக்க மருந்து குழந்தையை என்ன செய்கிறது என்பதே அவருடைய கேள்வி. அங்கே அவர் கண்டது வேறொன்றையும். குழந்தை வெளியே வந்ததும் வைத்தியர்களின் கவனம் முழுவதும் தாயின் பக்கம் போய்விடும். அழாமல், நீலம் பாய்ந்து, துவண்டு பிறந்த குழந்தையை இது பிழைக்காது என்று ஒதுக்கி வைப்பதும் உண்டு. அதற்கு மூச்சுக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை.

1949 இல் ஒருநாள் காலைச் சாப்பாட்டு நேரத்தில், பிறந்த குழந்தையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று ஒரு மாணவர் கேட்டார். அப்கார் அகப்பட்ட தாளொன்றில் ஐந்து விடயங்களை எழுதிக் காட்டினார். இதயத் துடிப்பு எவ்வளவு? மூச்சு எப்படி? கைகால்கள் மடங்கி அசைகின்றனவா? மூக்கைச் சீண்டினால் முகம் சுளிக்கிறதா? உடலின் நிறம் என்ன? ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 புள்ளி. மொத்தம் 10. பிறந்து ஒரு நிமிடம் ஆனதும் போட வேண்டும். 1952 இல் மருத்துவ மாநாடொன்றில் முன்வைத்த இந்த முறை அடுத்த ஆண்டு ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. ஐந்தாவது நிமிடத்தில் இரண்டாவது தடவை பார்க்கும் வழக்கமும் பிற்பாடு வந்தது.

இதில் பெரிய விஞ்ஞானம் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். புள்ளி போட வேண்டுமென்றால் ஒருவர் குழந்தையின் பக்கத்தில் நிற்க வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு என்று எழுதிய கையால் சும்மா இருக்க முடியாது. ஐந்தாவது நிமிடத்தில் அந்த இரண்டை ஏழாக்கப் பாடுபடத் தோன்றும். ஒரு வைத்தியசாலையின் புள்ளிகளை இன்னொன்றோடு ஒப்பிடவும் முடிந்தது. 12 வைத்தியசாலைகளில் பிறந்த 17,221 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு, புள்ளிக்கும் உயிர் தப்புவதற்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்தியது.

அப்கார் அதோடு நிற்கவில்லை. டங்கன் ஹொலடே, ஸ்ரான்லி ஜேம்ஸ் ஆகியோரோடு சேர்ந்து பிறந்த குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார். குறைந்த புள்ளி பெற்ற குழந்தைகளின் இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து அமிலம் கூடியிருந்தது. தாய்க்குக் கொடுக்கும் சைக்கிளோபுரொப்பேன் என்ற மயக்க வாயு குழந்தையைச் சோர வைக்கிறது என்பதும் தெரிந்தது. அது அவர் விரும்பிப் பயன்படுத்திய வாயு. முடிவு தெரிந்ததும் பிரசவங்களில் அதைக் கைவிட்டார்.

போர்க்காலத்தில் பிள்ளை பெற்ற தாய்மாரோடு என் வேலையின் நிமித்தம் பேசியிருக்கிறேன். பதுங்குகுழியிலும் தறப்பாள் கொட்டிலிலும் பிறந்த பிள்ளைகளுக்கு நிறைகூடப் பதிவில் இல்லை. அழாமல் பிறந்த பிள்ளையைச் செத்துப்போனதென்று ஒதுக்கிய பிறகு, பக்கத்தில் நின்ற முதிய அம்மா ஒருவர் எடுத்துத் துடைத்து, முதுகைத் தேய்த்து அழ வைத்ததாக ஒருவர் சொன்னார். அந்த அம்மா அங்கே இருந்தது அதிர்ஷ்டம். அப்காரின் முறை அந்த அதிர்ஷ்டத்தை ஒவ்வொரு பிரசவ அறையிலும் கடமையாக்கியது. ஐந்து கேள்விகளுக்கும் மின்சாரம் தேவையில்லை. விலையுயர்ந்த இயந்திரமும் தேவையில்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் நிமிடத்தில் புள்ளி குறைந்தது என்பதற்காகப் பிள்ளையின் எதிர்காலம் குறைந்துவிடாது. படிப்பையோ அறிவையோ அளக்க அந்தப் புள்ளி உருவாகவில்லை. இன்று மூச்சு விடாத குழந்தைக்குப் புள்ளி போடும்வரை காத்திருப்பதும் இல்லை. பிறந்தவுடனேயே உதவி தொடங்கிவிடுகிறது.

1959 இல், 50 வயதில், அவர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரப் பட்டம் பெற்றார். பிறகு மார்ச் ஒஃப் டைம்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, பிறவிக் குறைபாடுகள் பற்றிப் பேசுவதற்காக ஊர் ஊராகப் போனார். அமெரிக்காவில் 1964-65 இல் பரவிய ருபெல்லா சுமார் 20,000 குழந்தைகளைப் பாதிப்போடு பிறக்க வைத்தது. தாய்மாருக்கு அந்நோய் வராமல் தடுக்கத் தடுப்பூசி வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். பிறவிக் குறைபாடு வெளியே பேசக்கூடாத வெட்கமாகக் கருதப்பட்ட காலம் அது.

அவர் திருமணம் செய்யவில்லை. வயலின் வாசித்தார், தன் கையாலேயே வாத்தியங்களும் செய்தார். வைத்தியசாலைத் தொலைபேசிக் கூண்டிலிருந்த நல்ல மேப்பிள் பலகையொன்றை இரவோடிரவாகக் கழற்றி, வேறு பலகையை மாட்டிவிட்டு வந்து வாத்தியம் செய்த கதை பிரபலமானது. 1974 ஓகஸ்ட் 7 ஆம் திகதி, தான் வேலை செய்த அதே வைத்தியசாலையில் 65 ஆவது வயதில் காலமானார். 1994 இல் அமெரிக்கா அவருக்குத் தபால் முத்திரை வெளியிட்டது.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் இன்றிரவு நமது வைத்தியசாலைகளில் பிறக்கப்போகும் பிள்ளைகளின் பிரசவக் குறிப்பில், அவர்களுக்குச் சொந்தப் பெயர் வைப்பதற்கு முன்பே, அவருடைய பெயர் எழுதப்பட்டுவிடும்.