எமில் பேர்லினர் (1851 – 1929)

கிராமபோனைக் கண்டுபிடித்தவர் யார் எனக் கேட்டால் மாணவர் பலர் தோமஸ் அல்வா எடிசன் என்றே விடை எழுதுவர். அது பொருத்தமான விடையன்று. 1877இல் எடிசன் உருவாக்கியது போனோகிராப் ஆகும். அது உருளையொன்றில் ஒலியைப் பதித்தது. வட்டத் தட்டில் ஒலியைப் பதித்து, அத்தட்டைச் சுழல்மேடை மீது வைத்து இசைக்கும் கருவியை உருவாக்கி, அதற்குக் கிராமபோன் எனப் பெயரிட்டவர் எமில் பேர்லினரே.

பேர்லினர் 1851 மே 20ஆம் திகதி ஜேர்மனியின் ஹனோவர் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். வீட்டில் பதின்மூன்று பிள்ளைகள். பதினான்கு வயதுடன் பாடசாலைக் கல்வி முடிவுற்றது. அச்சகத்திலும் துணிக்கடையிலும் வேலை பார்த்த அவர், 1870இல் அமெரிக்கா சென்றார். அங்கும் முதலில் கிடைத்தது துணிக்கடை வேலைதான். பின்னர் நியூயோர்க் நகரில் ஆய்வுகூடமொன்றில் போத்தல் கழுவினார். இரவில் கூப்பர் யூனியன் நிறுவன வகுப்புகளில் விஞ்ஞானம் கற்றார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இன்றியே அவர் ஆராய்ச்சியில் இறங்கினார் என்பது கவனிக்கத்தக்கது.

1876இல் கிரஹம் பெல் தொலைபேசியை அறிமுகப்படுத்தினார். அதில் பேசுவோரின் குரல் மிக மெலிதாகவே கேட்டது. இக்குறையை நீக்கும் ஒலிவாங்கி ஒன்றை 1877இல் பேர்லினர் வடிவமைத்தார். பெல் நிறுவனம் அதன் உரிமையை வாங்கியதுடன் அவரையும் பணியில் அமர்த்தியது. இதனாற் கிடைத்த பணமே பிற்கால ஆராய்ச்சிகளுக்கு உதவிற்று.

1887இல் அவர் கிராமபோனுக்கு ஆக்கவுரிமை பெற்றார். எடிசனின் உருளையில் ஊசி மேலும் கீழுமாக அசைந்து பள்ளத்தை ஏற்படுத்தியது. பேர்லினரின் முறையில் ஊசி இடம் வலமாக அசைந்தது. பள்ளமே ஊசியைத் தட்டின் நடுவை நோக்கி இழுத்துச் சென்றமையால், அதனை நகர்த்தத் தனியான திருகுத் தண்டு வேண்டியிருக்கவில்லை.

எனினும் அவரது பெருஞ்சாதனை பிரதியெடுக்கும் முறையிலேயே உள்ளது. அக்காலத்தில் உருளைகளைப் பெருந்தொகையாகப் பிரதி செய்ய இயலாது. பாடகர் ஒரே பாடலைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டியிருந்தது. பேர்லினர் நாகத் தகடொன்றில் மெல்லிய மெழுகுப் படலம் பூசினார். ஒலிக்கேற்ப அசையும் ஊசி மெழுகைக் கீறியது. கீறப்பட்ட இடங்களைக் குரோமிக் அமிலம் அரித்துப் பள்ளமாக்கியது. அத்தகட்டிலிருந்து மின்முலாமிடல் மூலம் உலோக அச்சு பெறப்பட்டது. ஓர் அச்சைக் கொண்டு எத்தனையோ தட்டுகளை அழுத்தி எடுக்கலாம். தொடக்கத்தில் கடின இறப்பரும், 1895 அளவிலிருந்து அரக்குக் கலவையும் தட்டுகளுக்குப் பயன்பட்டன. அவ்வரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே கிடைத்தது.

முதலில் விற்பனைக்கு வந்த கிராமபோன் ஒரு விளையாட்டுப் பொருள்! 1889 அளவில் ஜேர்மனியப் பொம்மைத் தயாரிப்பாளர் ஒருவர் 5 அங்குலத் தட்டுகளுடன் அதனைச் சிறு அளவில் தயாரித்தார். 1894இல் அமெரிக்காவில் 7 அங்குலத் தட்டுகள் விற்பனைக்கு வந்தன. ஆயினும் சுழல்மேடையைக் கையாலேயே சுற்ற வேண்டியிருந்தது. தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 தடவை சீராகச் சுழல வேண்டும். கை சற்று விரைந்தால் குரல் கீச்சிடும், தளர்ந்தால் கரகரக்கும். நியூ ஜேர்சி மாநிலத்தின் கம்டன் நகரில் சிறிய இயந்திரப் பட்டறை நடத்திய எல்ட்ரிட்ஜ் ஜோன்சன் 1896இல் இதற்குத் தீர்வு கண்டார். அவர் அமைத்த சுருள்வில் மோட்டாரில், வேகம் மிகும்போது தடுத்துச் சீராக்கும் பொறியும் இருந்தது. விற்பனை பெருகியது.

பெருகிய விற்பனையே வழக்குகளையும் கொண்டுவந்தது. அமெரிக்காவில் விற்பனையுரிமை பெற்றிருந்த பிராங்க் சீமன், போட்டிக் கருவியொன்றை விற்கத் தொடங்கினார். ஒப்பந்தம் தம்மிடமே உள்ளதெனக் காட்டி 1900இல் நீதிமன்றத் தடையும் பெற்றார். தாம் கண்டுபிடித்த பொருளையே அமெரிக்காவில் விற்க முடியாத நிலைக்குப் பேர்லினர் தள்ளப்பட்டார். கனடாவின் மொன்றியல் நகரில் தொழிலைத் தொடர்ந்தார். ஜோன்சன் 1901இல் விக்டர் நிறுவனத்தை நிறுவினார். கிராமபோனை உற்றுக் கேட்கும் நாயின் படத்தை 1900இல் அமெரிக்காவில் வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்தவர் பேர்லினர். ஆனால் அங்கு அது புகழ்பெற்றதோ விக்டரின் சின்னமாகவே.

பிற்காலத்தில் அவர் பாலைச் சூடாக்கிக் கிருமியழித்தே குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டுமெனப் பிரசாரம் செய்தார். மகன் ஹென்றியுடன் ஹெலிகொப்டர் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். ஆய்வு செய்யும் பெண்களுக்கென 1908இல் தாயின் பெயரால் உதவித்தொகை ஒன்றை ஏற்படுத்தினார். 1929 ஓகஸ்ட் 3ஆம் திகதி, தமது 78ஆவது வயதில், வாஷிங்டன் நகரில் காலமானார்.