மீட்பு யாருக்கு? லாஸ் காசாஸ் திருப்பிக் கேட்ட கேள்வி

1512ஆம் ஆண்டு, கியூபா. ஹிஸ்பானியோலாத் தீவிலிருந்து தப்பி வந்து எதிர்த்துப் போரிட்ட தாயினோ மக்களின் தலைவர் ஹத்துவேயை ஸ்பானியர் கம்பத்தில் கட்டினர். எரிக்கும் முன், ஞானஸ்நானம் பெற்றால் விண்ணுலகம் கிட்டும் என்று ஒரு துறவி எடுத்துரைத்தார். ஸ்பானியரும் அங்குதான் செல்வார்களா என வினவினார் ஹத்துவே. அவர்களில் நல்லோர் செல்வர் என்றார் துறவி. அப்படியெனில் தமக்கு அந்த விண்ணுலகம் வேண்டாம் என மறுத்து அவர் தீக்கு இரையானார். இதை எழுதி வைத்தவர் பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ்.

திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்பதை 1442இல் புளோரன்ஸ் பொதுச்சங்கம் கடுமையாக வலியுறுத்தியிருந்தது. அக்கோட்பாடு அமெரிக்க மண்ணில் ஆயுதமாயிற்று. 1513இல் ஸ்பானிய அரசின் சட்ட அறிஞர்கள் ஓர் அறிவிப்பை வரைந்தனர். திருச்சபையின் மேலாண்மையை ஏற்காவிடில் போரும் அடிமைத்தனமுமே விளையும் என்ற அந்த ஆவணம், அம்மக்கள் அறியாத மொழியில் வாசிக்கப்பட்டது. வாசித்து முடித்ததும் படையெடுப்பு சட்டப்படி சரியாகிவிட்டது! சட்டம் பயின்ற நாம் வெட்கத்துடன் படிக்க வேண்டிய ஆவணம் அது.

லாஸ் காசாஸ் தொடக்கத்தில் இந்த அமைப்பின் பயனாளிதான். 1484இல் செவில் நகரில் பிறந்து, 1502இல் ஹிஸ்பானியோலா சென்ற அவர், நிலமும் கட்டாய உழைப்புக்குப் பூர்வகுடிகளும் பெற்றார். குருவான பின்பும் அவர்களை விடுவிக்கவில்லை. 1511இல் மொந்தேசினோஸ் என்ற தொமினிக்கன் துறவி இக்கொடுமையைக் கண்டித்து ஆற்றிய மறையுரையும் அவரை உடனே மாற்றவில்லை. 1514இல் மறையுரைக்காகச் சீராக் நூலைப் படித்தபோது, ஏழையிடமிருந்து பறித்ததைக் கடவுளுக்குப் படைப்பது பற்றிய பகுதி அவரை உலுக்கியது. தம்மிடமிருந்தோரை விடுவித்தார்.

அதன்பின் அரை நூற்றாண்டு அவர் வழக்காடினார். அறிவை இணங்கவைத்தும் மனத்தை ஈர்த்தும் மட்டுமே நம்பிக்கையைப் பரப்பலாம், வாளால் இயலாது என்று நூல் எழுதினார். சியாப்பாசின் ஆயராக, அடிமைகளை விடுவிக்காதவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கக் கூடாதெனத் தடுத்தார். 1550-51இல் வல்லாதோலித் நகரில், பூர்வகுடிகள் இயல்பிலேயே அடிமைகள் என்ற சேபுல்வேதாவின் வாதத்தை எதிர்கொண்டார். நரபலிகூட, தாம் உண்மையென நம்பும் கடவுளுக்குத் தம்மிடமுள்ள மிகச் சிறந்ததை அளிக்கும் செயலே என்றும், அதைக் காரணமாக்கிப் போர் தொடுக்க யாருக்கும் உரிமையில்லை என்றும் வாதிட்டார்.

பிற சமயங்களும் மீட்பளிக்கும் என்று அவர் கூறவில்லை. இறுதிவரை அவர் மறைபரப்பாளரே. ஆனால் கேள்வியின் திசையை மாற்றினார். கிறிஸ்தவர்கள் இகழ்ந்த அம்மக்களே இறுதித் தீர்ப்பில் கடவுளின் வலப்புறம் மிகுதியாக நிற்கக்கூடும் என எச்சரித்தார். ஐயத்துக்குரியது ஒடுக்கப்பட்டோரின் மீட்பன்று, ஒடுக்குவோரின் மீட்பே என்றாயிற்று.

அவரது பெருங்கறையையும் நாம் மறைக்கலாகாது. பூர்வகுடிகளின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளை இறக்குமதி செய்யலாம் என அவரே பரிந்துரைத்தார். பின்னர் அது அநீதி என உணர்ந்து, தம் வரலாற்று நூலில் மனம் வருந்தி எழுதினார். அவ்வருத்தம் எவருடைய விலங்கையும் உடைக்கவில்லை. ஒரு மக்களின் விடுதலைக்கு இன்னொரு மக்களை விலையாகக் கொடுக்கும் எந்த அறமும் அறமன்று.

1566இல் மத்ரித்தில் அவர் மறைந்தார். தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல் கடவுளை நேர்மையாகத் தேடுவோரும் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் ஏற்றது. ஹத்துவே எரிந்து 452 ஆண்டுகள் கழிந்திருந்தன. எந்தச் சமயத்தில் மீட்பு உண்டு என்ற விவாதம் எழும்போதெல்லாம் நாம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: அந்தத் தீர்ப்பை எழுதுபவர் யாருடைய நிலத்தில், யாருடைய உழைப்பில் அமர்ந்து எழுதுகிறார்?