இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை

பசறைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் அந்த அக்காவைச் சந்தித்தேன். மரத்திலிருந்து விழுந்த கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வைத்தியசாலையில் கிடந்த நாட்களிலேயே முதுகின் அடியில் புண் வந்துவிட்டது. இரவு வார்டில் எத்தனை தாதியர் என்று பார்த்தவர்களுக்கு யாரைக் குறை சொல்வதென்று தெரியாது.

திரும்பி வரும்போது லுட்விக் குட்மன் ஞாபகத்துக்கு வந்தார். பராலிம்பிக்கின் தந்தை என்றுதான் நானும் படித்திருந்தேன். அவருடைய பெரிய வேலை அதற்கு முன்பே, கட்டிலருகே நடந்தது.

1899இல் ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1917இல் வைத்தியசாலையொன்றில் தொண்டராக இருந்தபோது முள்ளந்தண்டு முறிந்த ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியைப் பார்த்தார். எப்படியும் சாகப்போகிறவர் என்று வைத்தியர்கள் கைவிட்டிருந்தார்கள். ஐந்து வாரத்தில் கிருமி இரத்தத்தில் கலந்து அவர் இறந்தார். அந்த மனிதரைக் குட்மன் கடைசிவரை மறக்கவில்லை.

நரம்பியல் வைத்தியராகி, நாஸிகளிடமிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்து போனார். 1944 பெப்ரவரியில் ஸ்டோக் மாண்டவிலில் காயப்பட்ட படையினருக்கான முள்ளந்தண்டுப் பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. உணர்வுள்ளவர்கள் தூக்கத்திலும் புரண்டு படுப்போம். உணர்வற்றவர் அசைவதில்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கும் தசைக்கு இரத்தம் போகாமல் அது அழுகுகிறது. குட்மன் நோயாளிகளைப் பிளாஸ்டர் கட்டிலிலிருந்து எடுத்தார். இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். திருப்புகிறார்களா என்று பார்க்க நடுச்சாமத்திலும் வார்டுக்கு வந்து நிற்பாராம். கடுமையான மனுஷன்தான். ஆனால் சாவுக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், தொழில் பழகினார்கள். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் 16 பேர் அம்பெய்தார்கள்.

1980இல் அவர் இறந்தார். அந்த முறைக்கு விலையுயர்ந்த மருந்து வேண்டாம், ஆள் வேண்டும். குட்மனிடம் ஒரு வார்டே இருந்தது. பசறை அக்கா தனி ஆள். இரவில் போனில் அலாரம் வைத்து எழும்புகிறார். காலையில் கொழுந்துக்குப் போனால் பகல் சாப்பாட்டுக்கு ஓடிவந்து ஒரு தடவை திருப்பிவிட்டு மறுபடி மலைக்கு ஏறுகிறார். அதற்குப் பிறகு அவர் வீடு திரும்பும்வரை அந்த மனிதர் ஒரே பக்கமாகக் கிடக்கிறார்.