கூடைப்பந்தாட்டம் தந்த ஆசான்

பிள்ளைகள் விளையாட்டிற் செலவிடும் நேரத்தை வீண்பொழுதென எண்ணும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உளர். விளையாட்டெனின் வெற்றியொன்றே என்று கருதும் இளைஞரும் உளர். இருசாராரும் அறியவேண்டியது ஜேம்ஸ் நெய்ஸ்மித் அவர்களின் வாழ்க்கை வரலாறாகும்.

1861ஆம் ஆண்டு கனடாவிற் பிறந்த இவர், ஒன்பது வயதிற் பெற்றோர் இருவரையும் நெருப்புக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, உறவினர் ஆதரவில் வளர்ந்தார். இடையிற் படிப்பை விட்டுக் காட்டில் மரந்தறித்தார். பின்னர் மீண்டுங் கற்று மக்கில் பல்கலைக்கழகப் பட்டதாரியானார். இறையியல் பயின்ற காலத்திலும் றக்பி ஆட்டத்தை விட்டாரல்லர். உடன்பயின்றோர் முகஞ்சுளித்தனர். ஒழுக்கத்தை மைதானத்திலும் வளர்க்கலாம் என்பது அவர் துணிபு.

1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியரானார். பனிக்காலத்தில் மண்டபத்துள் செய்த தேகப்பயிற்சியில் மாணவர் சலிப்புற்று அடங்காதிருந்தனர். புதிய ஆட்டமொன்றை ஆக்குமாறு மேலாளர் கியூலிக் 14 நாள் தவணை கொடுத்தார்.

பந்தை ஏந்தி ஓடுபவனைப் பிறர் மறித்து வீழ்த்துவதாலேயே முரட்டுத்தனம் பிறக்கின்றதென நெய்ஸ்மித் கண்டார். ஆகவே பந்துடன் ஓடலாகாதென விதித்தார். வன்மையினும் நிதானமே பயன்படுமாறு இலக்கைப் 10 அடி உயரத்தில் அமைத்தார். பீச் பழக்கூடைகள் இரண்டே இலக்குகளாயின. 13 விதிகள் எழுதப்பெற்றன. டிசம்பர் மாதத்தில் 18 மாணவர் அணிக்கு ஒன்பதின்மராக ஆடினர்.

இவ்விதிகளின் சிறப்பை நாம் ஊன்றி நோக்கவேண்டும். ஓட இயலாதவன் தோழனைத் தேடிப் பந்தைக் கொடுத்தேயாகவேண்டும். தானே யாவுஞ் செய்வேன் என்பவனுக்கு அங்கு இடமில்லை. ஓரணி தொடர்ந்து மூன்று பிழை செய்யின் எதிரணிக்கு ஒரு கூடை சேரும். ஒருவன் தவறு அனைவரையுஞ் சாரும். ஈகையையும் பொறுப்பையும் பிள்ளைகள் இதனினும் எளிதாக எங்கே பயில்வர்?

1898இல் மருத்துவப் பட்டமும் பெற்றுக் கான்சாஸ் பல்கலைக்கழகஞ் சென்றார். அங்கு அவர் பயிற்றிய அணி 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றது. ஆட்டத்தைப் படைத்தவரே தோல்வியை மிகுதியாகக் கண்டார். எனினும் அவர் பெருமை குன்றவில்லை. 1930களில், நிறவேற்றுமையால் அணியிற் சேர்க்கப்படாத கறுப்பின மாணவர் ஜோன் மக்லென்டனுக்கு ஆசானாய் நின்று வழிகாட்டினார். அம்மாணவர் பின்னாளிற் பெரும் பயிற்றுநராய் விளங்கினார்.

1936இல் பேர்லின் ஒலிம்பிக்கிற் கூடைப்பந்தாட்டம் இடம்பெற்றதைக் கண்ணாரக் கண்ட நெய்ஸ்மித், 1939இல் மறைந்தார்.

பெரியோர்களே, மாலைவேளையிற் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புங்கள். இளைஞர்களே, பந்து கையில் வந்ததும் தோழனைப் பாருங்கள். ஓரத்தில் தனித்து நிற்பவனையும் ஆட்டத்துக்கு அழையுங்கள். அதுவே அவ்வாசானுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.