கல் பொறுக்கிய துரை

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள். லேடீஸ் சீட் பாறையில் நின்று, கீழே மின்னும் சேலம் நகரத்து விளக்குகளைப் பார்ப்பார்கள். சேர்வராயன் கோயிலுக்குச் சென்று கும்பிட்டுவிட்டு, வழியில் ஒரு பொட்டலம் காப்பிக் கொட்டையும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தை எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு.

அந்தத் தேவாலயத்தில்தான் ஒரு வெள்ளைக்காரரின் சாம்பல் வைக்கப்பட்டிருக்கிறது. அவர் கவர்னர் அல்ல, கலெக்டர் அல்ல, காப்பித் தோட்ட முதலாளியும் அல்ல. நாற்பது ஆண்டு காலம் தென்னாட்டின் ஆற்றுப் படுகைகளிலும் பொட்டல்களிலும் கல் பொறுக்கித் திரிந்தவர். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பது அவர் பெயர். இந்த நாட்டில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று உலகத்துக்கு முதன்முதலில் காட்டியவர் அவர்தான்.

அவர் கல்லைக் கண்டெடுத்த கதை பள்ளிப் புத்தகங்களில் இருக்கிறது. கிழப்பருவத்தில் அந்தக் கற்களை விட்டுப் பிரிந்த கதை அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

பல்லாவரத்துப் பள்ளம்

ஃபூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்னும் ஊரில் பிறந்தார். 24-வது வயதில், 1858-ஆம் ஆண்டின் கடைசி நாட்களில், இந்திய பூகர்ப்ப ஆய்வு இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். சென்னை ராஜதானிக்கு அனுப்பினார்கள்.

வேலை என்ன? எந்த ஜில்லாவில் எந்தப் பாறை இருக்கிறது, எங்கே இரும்பு, எங்கே நிலக்கரி, எங்கே பொன் என்று பார்த்துப் படம் வரைவது. ரயில் அதிகம் ஓடாத காலம் அது. மழை ஓய்ந்ததும் புறப்பட வேண்டும். குதிரை மேல் பாதி, கால்நடையாகப் பாதி. கூடாரமும் சாமானும் பின்னால் மாட்டு வண்டியில் வரும். வெயில் கடுமையானதும் திரும்பி வந்து, கண்டதை எழுத வேண்டும்.

சர்க்கார் சம்பளம் கொடுத்தது இதற்குத்தான். கற்கால மனிதனைத் தேடச் சொல்லி யாரும் அவரைப் பணிக்கவில்லை. அது அவராகப் பிடித்துக்கொண்ட பித்து.

அந்தப் பித்து அப்போது ஐரோப்பாவையே ஆட்டிக்கொண்டிருந்தது. பிரான்சில் சோம் நதிக் கரையில், அழிந்துபோன மிருகங்களின் எலும்புகளோடு மனிதன் செதுக்கிய கற்கள் கிடைக்கின்றன என்று பூஷே தெ பெர்த் என்பவர் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். 1859-ல் இங்கிலாந்து நிபுணர்கள் நேரில் போய்ப் பார்த்து, அவர் சொன்னது மெய் என்று ஒப்புக்கொண்டார்கள். உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டுதான் ஆயிற்று என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பேரிடி.

இந்தியாவிலும் அப்படிக் கிடைக்குமா? ஃபூட்டின் கண் அதைத் தேடிக்கொண்டே இருந்தது.

1863 மே 30. சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ராணுவ அணிவகுப்பு மைதானம். சரளைக்காகத் தோண்டிய ஒரு சிறு பள்ளம். அதிலிருந்து வாரிக் கொட்டிய செம்பூறாங்கல் சரளையில் ஒரு கல் கிடந்தது. பத்துப் பேர் கண்ணில் பட்டிருந்தால் பத்துப் பேரும் மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள். ஃபூட் குனிந்து எடுத்தார். கல்லின் ஓரங்கள் தானாக உடைந்தவை அல்ல. கையால் தட்டித் தட்டிச் செதுக்கியவை. அது ஒரு கைக்கோடரி! அப்போது அவருக்கு வயது 28.

ஒரு கல்லை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டிவிட முடியாது. மேலும் தேடினார். அதே ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, கூட வேலை பார்த்த வில்லியம் கிங் என்பவரோடு கொற்றலை ஆற்றுப் பக்கம் சென்றபோது, அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. சந்தேகம் தீர்ந்தது.

பிடித்த பித்து விடவில்லை

அதன் பிறகு அவர் போன இடமெல்லாம் பாறையோடு கல்லும் சேர்ந்தது. திருநெல்வேலிச் சீமையின் செந்நிறத் தேரி மணலில், சாயர்புரம் பக்கம், நகத்தளவு கல் சில்லுகளைக் கண்டார். பல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகள் புதிய கற்கால மக்களோடு தொடர்புள்ளவை என்று கண்டு சொன்னார். கர்னூல் ஜில்லாவின் பில்லசுர்கம் குகைகளைத் தோண்டியபோது, பட்டாளத்தில் உத்தியோகம் பார்த்த அவருடைய மகன் ஹென்றியும் அந்த வேலையில் இறங்கினார். தகப்பனுக்குப் பிடித்த பித்து பிள்ளைக்கும் தொற்றிக்கொண்டது போலும்!

சொந்த வேலையிலும் அவர் குறை வைக்கவில்லை. கோலார்த் தங்கம் விளையும் பாறை வகைக்குத் தார்வார் இனம் என்று பெயரிட்டவர் அவர். 33 ஆண்டு சேவை செய்து, 1891-ல் ஓய்வு பெற்றார். உடனே உட்கார்ந்துவிட்டாரா? இல்லை. பரோடா சமஸ்தானத்துக்குப் போய் அங்குள்ள நிலத்தை ஆராய்ந்தார். 1894-ல் மைசூர் சமஸ்தானம் பூகர்ப்ப இலாகா தொடங்கியபோது அதற்கு முதல் தலைவராகப் போனார். அறுபது வயதில் புது உத்தியோகம்!

ஆனால் கால் என்பது கால்தான். அறுபதில் குதிரை ஏறியவர் எழுபதில் ஏற முடியுமா? கல் பொறுக்குவது சாய்வு நாற்காலியில் இருந்து செய்கிற காரியம் அல்ல. ஓடைக் கரையில் இறங்க வேண்டும். உச்சி வெயிலில் குனிந்தே நடக்க வேண்டும். கண் கூர்மையாக இருக்க வேண்டும். மூட்டையைச் சுமக்க வேண்டும். வேட்டைக்காரன் துப்பாக்கியைச் சுவரில் மாட்டும் நாள் வருவது போல், கல் பொறுக்குகிறவனுக்கும் ஒரு நாள் வந்தே தீரும். மைசூர் வேலை முடிந்த பிறகு அவர் தங்குவதற்குத் தேர்ந்துகொண்ட ஊர் ஏற்காடு.

மாமனார் இருந்த மலை

ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் கப்பல் ஏறிவிடுவார்கள். ஃபூட் சேர்வராயன் மலையில் தங்கிவிட்டார். அதற்குக் காரணம் குளிர் மட்டும் அல்ல. அது அவருக்கு உறவு உள்ள மலை. அவருடைய மாமனார் பாதிரியார் பீட்டர் பெர்சிவல் கடைசி நாட்களை அங்கேதான் கழித்து, 1882-ல் அங்கேயே காலமானார்.

தமிழர்களுக்கு மருமகனைவிட மாமனாரை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் நடத்தியவர். ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவர். 1855-ல் சென்னையில் 'தினவர்த்தமானி' பத்திரிகையைத் தொடங்கியவர். அவரும் ஒரு சேகரிப்புக்காரர். அவர் சேர்த்தது தமிழ்ப் பழமொழிகளை. 1842-ல் யாழ்ப்பாணத்தில் முதல் தொகுதி வந்தது. 1874-ல் வந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள். மாமனார் வாய்ச்சொல்லைப் பொறுக்கினார்; மருமகன் வாய் பேசாத கல்லைப் பொறுக்கினார்.

இன்னோர் ஒற்றுமையும் உண்டு. சேர்வராயன் மலைப் பாறை சார்னகைட் என்னும் கருநீலப் பாறை. பல்லாவரத்துக் குன்றுகளும் அதே இனம்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறை மேல் வைத்திருந்த கல்லைக் கொண்டு, 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற நிபுணர் அந்தப் பெயரைச் சூட்டினார். ஆக, 28 வயதில் எந்தப் பாறையின் அடியில் முதல் கோடரியை எடுத்தாரோ, அதே இனத்துப் பாறையின் மேல் வந்து முதுமையில் உட்கார்ந்தார் ஃபூட்.

மலையும் அவரைச் சும்மா விடவில்லை. சேர்வராயன் மலையில் மழமழவென்று தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள் நிறையக் கிடைக்கும். மலைவாசிகளான மலையாளிகள் (இவர்கள் கேரளத்தார் அல்லர், காஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் தமிழர்கள்) அவற்றைக் கண்டால் எறிவதில்லை. பிள்ளையார் முன்னால் வைத்துக் கும்பிடுவார்கள். மனிதன் செய்த பொருள் என்று ஃபூட் சொன்னதும், தெய்வத்துக்கு உரியது என்று மலையாளி சொன்னதும் ஒரே கல்லைத்தான். இரண்டு பேரும் அது வெறும் கல் அல்ல என்பதில் ஒத்துப்போனார்கள். நாடு முழுவதும் தேடி அலைந்தவருக்கு, கால் ஓய்ந்த காலத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே கற்கள் வாய்த்தது அதிர்ஷ்டம்தான். அவருடைய பட்டியலில் இந்த மலைக் கற்களுக்கும் இடம் கிடைத்தது.

கொடுப்பதா, வைத்துக்கொள்வதா?

நானூறுக்கு மேற்பட்ட இடங்களில் எடுத்த பொருள்கள் அவரிடம் சேர்ந்திருந்தன. பழைய கற்காலக் கோடரி, புதிய கற்காலக் கோடரி, அரைக்கும் கல், கல் சில்லு, உடைந்த பானை ஓடு. பானை ஓட்டை யாரும் மதிக்காத காலத்தில் அதையும் பத்திரப்படுத்தியவர் அவர்.

இப்படிச் சேர்த்த பொருளின் கதி என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சேர்த்தவர் இருக்கும் வரை அது புதையல். அவர் கண்ணை மூடினால் வீட்டாருக்கு அது இடத்தை அடைக்கும் பாரம். பத்துப் பேர் பத்துத் துண்டை எடுத்துப் போவார்கள். மிச்சம் தோட்டத்து வேலியில் கிடக்கும். அந்நாளில் இந்தியாவில் சேர்த்த எத்தனையோ பொருள்கள் கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்டன.

ஃபூட்டுக்குச் சென்னை மியூசியம் புதிது அல்ல. அங்கே இருந்த பழங்காலக் கற்களுக்கு 1901-ல் ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுத்தவரே அவர். 1904-ல் தமது சொந்தச் சேகரிப்பையும் அந்த மியூசியத்துக்கே கொடுத்தார். இனாமாக அல்ல, சர்க்கார் விலை கொடுத்து வாங்கியது. பென்ஷன் வாங்கும் மனிதர் விலை பெற்றதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கொடுத்தது யாருக்கு, எந்த ஊரில் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அப்போது அவர் வயது எழுபதை எட்டிக்கொண்டிருந்தது. 28 வயதில் எடுத்த கல் முதல் கிழவயதில் எடுத்த கல் வரை, பெட்டி பெட்டியாகக் கைமாறின.

கல் போய்விட்டது, வேலை போகவில்லை. உண்மையில் கடினமான வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. கோடரி எந்த ஊரில் கிடைத்தது, ஆற்றின் எந்தக் கரையில், எந்த மண்ணில், கூட என்ன இருந்தது என்பது எழுதி வைக்காவிட்டால், மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாலும் அது ஊமைக் கல்தான். அந்த விவரம் தெரிந்தவர் உலகத்தில் ஒருவரே. அவருக்கோ வயதாகிவிட்டது.

ஆகவே ஊர் ஊராகப் போன கால், இப்போது நினைவிலே போயிற்று. ஜில்லா ஜில்லாவாக, ஊர் ஊராக, ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுத்து விவரம் எழுதினார். பிறகு அவற்றின் காலம், பரவல் பற்றிய குறிப்புகளையும் எழுதினார். மேலே திரிந்து புதிதாகப் பத்துக் கல் எடுப்பதைவிட, எடுத்ததைச் சொல்லிவிட்டுப் போவது பெரிது என்ற கணக்கு இதில் தெரிகிறது. அந்தக் கணக்கைச் சரியான வயதில் போட்டவர்கள் சேகரிப்புக்காரர்களில் மிகச் சிலரே.

எழுதியதெல்லாம் நிலைத்து நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் நடுவே மனிதன் சுவடே இல்லாத நீண்ட இடைவெளி இருந்தது என்று அவர் நம்பினார். பின்னால் வந்தவர்கள் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டார்கள். நிரப்புவதற்கு உதவிய சான்றுகளில், அவரே தேரி மணலில் பொறுக்கிய சில்லு போன்ற கற்களும் உண்டு!

அச்சில் பார்க்கவில்லை

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி ஃபூட் காலமானார். வயது 78. கல்கத்தாவில் தகனம் நடந்தது. சாம்பல் ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தது.

அவர் எழுதிய பட்டியலைச் சென்னை மியூசியம் 1914-ல் அச்சிட்டது. காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916-ல் வெளிவந்தன. இரண்டையும் அவர் புத்தகமாகப் பார்க்கவில்லை.

ஆனால் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சியாளர்கள் மறுபடி அந்தந்த ஊர்களுக்குப் போனார்கள். அத்திரம்பாக்கத்தில் 1999-ல் சாந்தி பப்பு குழுவினர் தோண்டத் தொடங்கினார்கள். அங்கே கிடைத்த கைக்கோடரிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டு வயது உள்ளவை என்று 2011-ல் அறிவித்தார்கள். ஃபூட் கனவிலும் நினைத்திராத எண் அது.

கற்கள் எழும்பூரில் இருக்கின்றன. பட்டணத்துக்காரர்கள் ஒரு காலத்தில் செத்த காலேஜ் என்று வேடிக்கையாகச் சொன்ன அதே மியூசியத்தில்தான், ஃபூட் சேகரிப்பு என்ற பெயரோடு, ஏற்காட்டிலிருந்து எழுதிக் கொடுத்த எண்களோடு இருக்கின்றன.