தொன் போஸ்கோவோடு நடந்த சாம்பல் நிற நாய்

ஒவ்வோர் ஆண்டும் சனவரி 31-ஆம் நாள் புனித தொன் போஸ்கோவின் விழாவைச் சிறப்பிக்கிறோம். அவருடைய கனவுகளைப் பற்றியும், தெருச் சிறுவர்களை அவர் அரவணைத்ததைப் பற்றியும் மறையுரைகளில் கேட்கிறோம். இரவில் அவரைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றிய நாயின் கதையை மறைக்கல்வி வகுப்பில் குழந்தைகளுக்குச் சொல்வதும் உண்டு. அதை ஒரு புதுமையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் அந்த நாய் ஆபத்து எதுவும் இல்லாத நாட்களிலும் அவரைத் தேடி வந்தது. வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு அந்த நாட்களின் அருமை இன்னும் நன்றாகப் புரியும்.

யோவான் போஸ்கோ 1815-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் வட இத்தாலியில் பெக்கி என்ற சிற்றூரில் ஏழைக் குடியானவர் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயது நிறையும் முன்னரே தந்தையை இழந்தார். தாய் மார்கரீத்தா அம்மையார்தான் பிள்ளைகளை வளர்த்தார். சிறுவன் யோவான் ஒரு பறவைக் குஞ்சைக் கூண்டில் வைத்து வளர்த்து, அதற்குச் சீழ்க்கையடிக்கக்கூடக் கற்றுக்கொடுத்தான் என்றும், ஒருநாள் பூனை அதைக் கொன்றுவிடவே பல நாட்கள் தேம்பித் தேம்பி அழுதான் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம். இனி எந்த உயிரின்மீதும் இப்படி மனதைக் கட்டிவைக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தானாம். சிறுவர்கள் எடுக்கும் முடிவு எவ்வளவு நாள் நிற்கும் என்பது பெற்றோருக்குத் தெரியும்!

1841-ஆம் ஆண்டு சூன் 5-ஆம் நாள் அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இத்தாலியில் குருக்களைத் 'தொன்' என்று மரியாதையுடன் அழைப்பார்கள். அப்படித்தான் அவர் தொன் போஸ்கோ ஆனார். தூரின் நகரில் வேலை தேடி வந்து அநாதைகளாய்த் திரிந்த சிறுவர்களை அவர் ஒன்றுசேர்த்தார். ஓரிடத்தில் நிற்க விடாமல் எல்லாரும் விரட்டினார்கள். கடைசியில் 1846-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று, நகருக்கு வெளியே வால்தோக்கோ என்ற பகுதியில், பினார்தி என்பவரின் வீட்டை ஒட்டிய ஒரு கொட்டகையில் அவருடைய ஆரட்டரி நிலையாகத் தங்கியது. அவ்வாண்டு நவம்பரில் மார்கரீத்தா அம்மையாரும் சொந்த ஊரை விட்டு வந்து அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் தாயானார்.

அவருடைய வரலாற்றில் நாம் அவசரமாகக் கடந்துபோகும் ஆண்டுகள் இவை. பெரிய கட்டிடங்களையும் ஆயிரக்கணக்கான சிறுவர்களையும் பற்றி அவர் பேசியதைக் கேட்டு, அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றே உடன் குருக்கள் சிலர் நினைத்தனர். அவரை நைசாக ஒரு வண்டியில் ஏற்றி மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோக இருவர் வந்தார்கள். அவர் மரியாதையாக அவர்களை முதலில் ஏறச் சொல்லி, கதவைச் சாத்தி, வண்டியை அவர்களோடு அனுப்பிவைத்தார். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் நண்பர்களே இப்படி நினைத்துவிட்ட ஒரு மனிதர் அன்று இரவு எப்படித் தூங்கியிருப்பார்? பிறகு 1848-இல் நாடெங்கும் அரசியல் கொந்தளிப்பு. அவருக்கு உதவியாய் இருந்தவர்கள் பலர், பெரிய பையன்களையும் அழைத்துக்கொண்டு பிரிந்து போனார்கள். 1853-இல் கத்தோலிக்க விசுவாசத்தை எளிய நடையில் விளக்கும் சிறு நூல்களை மாதந்தோறும் வெளியிடத் தொடங்கினார். அதை விரும்பாத சிலர் அவரை மிரட்டினார்கள். கொல்லவும் ஆள் அனுப்பினார்கள்.

வால்தோக்கோ அன்று இன்றுள்ளது போல நகரத்தின் நடுவில் இருக்கவில்லை. கடைசிக் கட்டிடங்களைத் தாண்டினால் புதரும் மேடுபள்ளமுமான நிலம். நோயாளிகளைச் சந்தித்துவிட்டு, உதவி கேட்டு வீடு வீடாய் ஏறி இறங்கிவிட்டு, அவர் இருட்டில் தனியாகவே அந்த வழியில் திரும்ப வேண்டும். 1852-ஆம் ஆண்டளவில், அப்படி ஒரு மாலையில்தான் ஒரு பெரிய நாய் அவர் அருகில் வந்தது. சாம்பல் நிறம், நீண்ட முகம், நிமிர்ந்த காதுகள், பார்த்தால் ஓநாய்தான். முதலில் அவர் பயந்துபோனார். நாயோ தன் எசமானைக் கண்டதுபோல வாலை ஆட்டியது. ஆரட்டரி வரை கூடவே நடந்து வந்து, வாசலில் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. சாம்பல் நிறம் என்று பொருள்படும் 'கிரீஜோ' என்ற பெயரை அதற்கு வைத்தார். அன்றுமுதல் துணையில்லாமல் இருட்டில் வரும் நாட்களில் அது எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொள்ளும்.

1854 நவம்பர் இறுதியில் மழையும் பனிமூட்டமுமாய் இருந்த ஓர் இரவு. முன்னால் போன இருவர் அவர் நடையை நிறுத்தினால் தாங்களும் நின்றார்கள், வேகமாக நடந்தால் தாங்களும் விரைந்தார்கள். திடீரென்று ஒருவன் அவர் தலைமேல் போர்வையை வீசி மூட, மற்றவன் வாயில் துணியை அடைக்கப் பார்த்தான். கத்தக்கூட முடியாத அந்த நொடியில் கிரீஜோ உறுமிக்கொண்டு பாய்ந்தது. இப்போது அபயக்குரல் எழுப்பியது அந்த இருவர்தான்! நாயைக் கூப்பிடும்படி தொன் போஸ்கோவிடமே கெஞ்சினார்கள். அவர் கூப்பிட்டார், அவர்கள் ஓடிவிட்டார்கள். நடுக்கம் தீராத அவரை அருகிலிருந்த கொத்தலெங்கோ இல்லத்தார் உள்ளே அழைத்து, குடிக்கக் கொடுத்துத் தேற்றி, துணையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். புனிதர்களுக்கும் கைகால் நடுங்கும். அதை அவர் மறைக்கவில்லை.

இன்னோர் இரவு அவர் வெளியே கிளம்பியபோது கிரீஜோ வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு நகர மறுத்தது, மிரட்டினால் உறுமியது. தான் சொல்லித்தான் கேட்பதில்லை, நாய் சொல்வதையாவது கேட்கலாமே என்று மார்கரீத்தா அம்மையார் மகனைக் கடிந்துகொண்டார். அவர் தங்கிவிட்டார். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, வழியில் ஆட்கள் பதுங்கியிருப்பதாக எச்சரித்தார்.

நான் மிகவும் விரும்புவது இவற்றைவிட எளிய ஒரு நிகழ்ச்சியை. ஒரு மாலையில் கிரீஜோ ஆரட்டரியின் முற்றத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அதை அறியாத சில பையன்கள் அடித்து விரட்டக் கல்லை எடுத்தார்கள். நம் தெருக்களிலும் அறியாத நாய்க்கு முதலில் கிடைப்பது கல்தானே! தொன் போஸ்கோவின் மூத்த மாணவர்களில் ஒருவரான புசேத்தி, அது தொன் போஸ்கோவின் நாய் என்று சொல்லித் தடுத்தார். உடனே காட்சி மாறியது. பையன்கள் காதைப் பிடித்து இழுத்தார்கள், தடவிக்கொடுத்தார்கள், உணவறைக்கு ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். அங்கே தொன் போஸ்கோ தம் தாயோடும் சில குருக்களோடும் இரவு உணவில் இருந்தார். நாய் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி அவரிடம் வந்து மகிழ்ச்சியாக நின்றது. ரொட்டி, இறைச்சி, சூப் என்று எதைக் கொடுத்தாலும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் மேசையின்மேல் தலையைச் சற்று நேரம் சாய்த்திருந்தது. பிறகு பையன்கள் வாசல்வரை வந்து வழியனுப்ப, போய்விட்டது.

அன்று இரவு தொன் போஸ்கோவுக்கு எந்த ஆபத்தும் இல்லை. நண்பர் ஒருவர் தம் வண்டியிலேயே அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார். நாய்க்கும் பசி இல்லை. வழியில் காணாத நண்பர் வந்துசேர்ந்துவிட்டாரா என்று பார்த்துவிட்டுப் போக வந்ததுபோல இருந்தது.

தோபித்து நூலில் இளைஞர் தோபியா நீண்ட பயணம் புறப்படும்போது வானதூதர் இரபேலோடு நாயும் கூடப் போகிறது. போரிட்டதாகவோ எவரையும் காத்ததாகவோ ஒரு சொல்லும் இல்லை. போகும்போதும் கூட வந்தது, திரும்பும்போதும் கூட வந்தது, அவ்வளவே. லூக்கா நற்செய்தியில் ஏழை இலாசரின் வாசலில் செல்வர் எட்டிப் பார்க்கவில்லை, நாய்கள்தான் வந்தன. இத்தனைக்கும் பிறகு 'நாயே' என்பதை நாம் ஏன் வசைச் சொல்லாக வைத்திருக்கிறோமோ!

மார்கரீத்தா அம்மையார் 1856-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் இறந்தார். தொன் போஸ்கோவின் பணியோ வளர்ந்தது. 1859-இல் சலேசிய சபை உருவானது; அச்சபையினர் 1906 சனவரியில் நம் தஞ்சாவூருக்கும் வந்தனர். வழியில் வீடுகள் எழும்பி, துணைக்கு ஆட்களும் கூடவே, கிரீஜோவின் வருகை அரிதாயிற்று. 1866-இல் ஓர் இரவு, தாம் சிறுவயதில் கூலிவேலை செய்த மோலியா குடும்பத்தாரைக் காணத் தனியாக நடந்தபோது, கிரீஜோ இருந்தால் நன்றாயிருக்குமே என்று அவர் நினைத்தார். அது ஓடி வந்தது! வீட்டை அடைந்ததும், அங்குள்ள நாய்களோடு சண்டை வராதபடி அறையின் மூலையில் அதைப் படுக்கவைத்தார்கள். உணவுக்குப் பின் அதற்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கதவும் சன்னலும் சாத்தியபடி இருக்க, நாயைக் காணவில்லை.

1883-இல் பிரான்சு எல்லைக்கு அருகே வாலேக்ரோசியாவில், மழையிரவில் சேற்றில் வழி தவறிய முதிய தொன் போஸ்கோவுக்கு அது மீண்டும் வழி காட்டியதாம். நாய் இத்தனை ஆண்டு உயிரோடிருக்குமா என்று கேட்டவர்களுக்கு, அதன் மகனாகவோ பேரனாகவோ இருக்கலாம் என்று சிரித்தபடி சொல்லிவிட்டார். வானதூதர் என்று சொன்னால் மக்கள் நகைப்பார்கள், சாதாரண நாய் என்றும் சொல்வதற்கில்லை என்பது அவருடைய எண்ணம். அதன் சொந்தக்காரர் யாரென்று கண்டுபிடிக்கச் சில வேளை நினைத்ததுண்டு. பிறகு, யாருடையதாயிருந்தால் என்ன, தமக்கு நல்ல நண்பனாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார்.

தொன் போஸ்கோ 1888 சனவரி 31-இல் இறந்தார். 1934-இல் உயிர்ப்புப் பெருவிழாவன்று புனிதராக உயர்த்தப்பட்டார். திருத்தந்தை 9-ஆம் பயஸ் கேட்டுக்கொண்டபடி, 1873 முதல் 1875 வரை, தம் பிள்ளைகளுக்காக ஆரட்டரியின் நினைவுகளை அவர் கைப்பட எழுதிவைத்திருந்தார். அது 1946-இல்தான் நூலாக வெளிவந்தது. அதன் கடைசி அதிகாரத்தில் அவர் தம் வெற்றிகள் எதையும் எழுதவில்லை. கிரீஜோவைப் பற்றி எழுதியிருக்கிறார்.